பதினான்காம் படத்தில் நிற்பவர்

பெரம்பலூர்
8.2.2024

குருநாதன் சார் அவர்களுக்கு,

வணக்கம். நான் மணிமாறன், உங்கள் தங்கை நர்மதாவின் கணவன். என் எண்ணையும் அவள் எண்ணையும் உங்கள் கைப்பேசியில் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் நர்மதா என்னைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தாள். அவள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டதால் கணவனை ஸ்பான்சர் செய்யலாம். கல்யாணம் விசாவுக்காகச் செய்துகொண்டது அல்ல என்று மட்டும் நிரூபிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ், நாங்கள் பேசிக்கொண்டதற்கான பதிவுகள், இரு வீட்டாரும் நிற்கும் கல்யாணப் படங்கள் எல்லாம் கொடுத்தோம்.

திங்கட்கிழமை விசா அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பதினான்காம் படத்தில் ‘மணமகளின் அண்ணன்’ என்று குறிக்கப்பட்டவர் மேல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறதாம், மற்றவர்கள் மேல் வலப்பக்கமிருந்து. பத்தொன்பதிலும் இருபத்தேழிலும் அவர் அதே நிலையில், அதே முகத்தோடு நிற்கிறாராம். காலடியில் நிழல் இல்லை. படம் மாற்றப்பட்டிருக்கிறது, இந்தக் கல்யாணமே உண்மையா என்று சந்தேகப்படுகிறோம் என்கிறார்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால், பொய்த் தகவல் கொடுத்ததாக எனக்கு ஐந்து வருடம் தடை.

அந்தப் படத்தில் நிற்பவர் நீங்கள்தான். நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து மூன்று வாரத்தில் நர்மதா திரும்பிப் போய்விட்டாள். ஆல்பம் அதன் பிறகுதான் தயாரானது. மாதிரிப் படங்களைப் பார்த்த என் அம்மா இருசம்மாள், “என்னாங்க இது, பொண்ணு வூட்டுப் பக்கம் மொட்டையா நிக்குது. மாப்பிள்ளைக்கு மால போட மச்சான் இல்லியான்னு பாக்கறவங்க கேப்பாங்கள்ல?” என்று ஸ்டுடியோக்காரர் ராஜராஜனிடம் குறைப்பட்டிருக்கிறார். அவர், “செத்தவங்களையே கொண்டாந்து நிக்க வெக்கிறோம், உசுரோட இருக்கறவர நிக்க வெக்க முடியாதாம்மா? ஒரு போட்டோ மட்டும் குடுங்க” என்று சொல்லியிருக்கிறார். இங்கே எல்லா ஸ்டுடியோவிலும் செய்கிற வேலைதான் இது. சுவரில் மாட்டுகிற படம் நிறைவாக இருக்கட்டும் என்று அம்மா நினைத்தார். விசாவுக்குக் கொடுக்க ஆல்பம் கேட்டபோது அதையே எடுத்துக் கொடுத்துவிட்டார். விசா ஏஜென்சியில் ஒவ்வொருவராக யார் யார் என்று கேட்டபோதும் அவர்தான் பெயர் சொன்னார். நூற்றுப் பத்துப் பக்கத்தில் நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தவறு.

நீங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை, உங்கள் படம் பிறகு ஒட்டப்பட்டது, ஆனால் கல்யாணம் நடந்தது உங்களுக்குத் தெரியும் என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை தர வேண்டும். ஏன் வரவில்லை என்பதையும் எழுதச் சொல்கிறார் எங்கள் வக்கீல். சொந்த அண்ணன் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் இல்லாவிட்டால் அவர்கள் நம்ப மாட்டார்களாம். மார்ச் ஆறாம் தேதி கடைசி நாள்.

மணிமாறன்


அரியலூர்
13.2.2024

திரு. மணிமாறன் அவர்களுக்கு,

உங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. என் மனைவி புவனேஸ்வரி கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டதால் பிரித்தேன். நான் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கல்யாணத்துக்கு வராதவனை வந்ததாகக் காட்டியிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை. அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, ‘நான் அங்கே இல்லை’ என்று சொல்ல மட்டும் என் அனுமதி வேண்டியிருக்கிறது. ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லைச் சோதித்துக்கொண்டிருப்பவன் நான். கலப்படம் செய்தவன் ஒருவன், விளக்கம் கொடுப்பவன் ஒருவனா?

நீங்கள் கேட்காத சிலவற்றையும் சொல்கிறேன். 2005இல் திருச்சி நர்சிங் கல்லூரியில் நர்மதாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். விண்ணப்பப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நான்தான் நிரப்பினேன். அப்பா உயிரோடு இருந்தார், ஆனால் அவருக்கு ஆங்கிலம் வராது. அதே கல்லூரியில் நீங்களும் படித்தீர்கள் என்பது பதினான்கு ஆண்டு கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் கனடா போனபோது சென்னை விமான நிலையம் வரை போனேன். கல்யாணச் செய்தியோ வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பிதழ் படமாக வந்தது. அதன் கீழே கும்பிடும் கை ஒன்று. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால். அன்றைக்குத்தான் அவள் எண்ணைத் தடுத்தேன்.

நான் உங்களை அவமதித்தேன் என்று நர்மதா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. 2019இல் நீங்கள் பெண் கேட்டு என் வீட்டுக்கு வந்தபோது உட்கார வைத்துப் பேசினேன். டீ கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் அவமதிப்பு எங்கே வருகிறது?

தவறு உங்கள் பக்கம். தடை வந்தால் அதுவும் உங்களுக்கு. இதில் நான் செய்ய ஒன்றும் இல்லை. நர்மதா ஒரு வரி எழுதியிருக்கலாம். அதுவும் உங்கள் வேலையாகிவிட்டது போலும்.

ஆனால் அந்தப் படத்தை நான் பார்க்க வேண்டும். பிரதி அனுப்பவும்.

கு. குருநாதன், எம்.எஸ்சி.


பெரம்பலூர்
16.2.2024

குருநாதன் சார் அவர்களுக்கு,

படத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிய அளவில் அச்சிட்டது.

நீங்கள் டீ கொடுத்தது உண்மை. உங்களுக்கும் அன்றைக்கு வந்திருந்த உங்கள் சம்பந்திக்கும் சில்வர் டம்ளர், எனக்கும் என்னோடு வந்த நண்பன் அறிவரசனுக்கும் பேப்பர் கப். குடித்துவிட்டு எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தோம். நீங்கள், “வெளில தொட்டி இருக்கு, போட்டுருங்க” என்றீர்கள். பஸ்ஸில் வரும்போது அறிவரசன், “பரவால்லடா, கொட்டாங்குச்சிலேருந்து பேப்பர் கப்புக்கு வந்துட்டோம், அடுத்த தலமொறக்கி டம்ளர் வந்துரும்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை நான் நர்மதாவிடம் சொல்லவில்லை. அறிவரசன் சொல்லியிருப்பான். ஊரெல்லாம் சொல்ல அவளுக்கு நேரமில்லை. சஸ்கட்டூனில் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறாள்.

அவள் ஏன் எழுதவில்லை என்றால், அவள் கையெழுத்தைப் பார்த்தால் உங்கள் அம்மா அழுவார், அதனால் வீட்டில் உங்களுக்குக் கோபம் வரும் என்பதால்தான். “நீயே எழுது. உன்மேல கோவப்பட்டா உன்னோட போயிரும், அம்மாமேல பட்டா அம்மா தாங்காது” என்றாள்.

என் அம்மா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. “நானே அரியலூர் போயி அவரு கால்ல வுழுந்துட்டு வரேன்டா, எல்லாம் என்னாலதான” என்கிறார். போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் காலம் முடிந்துவிட்டது. அவர் அங்கே வந்தால் எனக்கு விசாவே வேண்டாம்.

நான் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். வாரத்துக்கு மூன்று நாள் நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருடம் நாங்களும் காத்திருந்தோம். அதில் கடைசி மூன்று வருடம் நீங்கள் யோசித்துச் சொல்வதற்காக. நர்மதாவுக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. இன்னும் ஐந்து வருடம் என்றால் குழந்தை என்ற பேச்சையே எடுக்க முடியாது. நான் கேட்பது அதற்காக. எனக்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மணிமாறன்


அரியலூர்
21.2.2024

திரு. மணிமாறன் அவர்களுக்கு,

படத்தை ஆய்வகத்தின் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரருக்குத் திறமை இருக்கிறது. ஆனால் வெளிச்சம் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

அது 2016இல் எங்கள் தொழிற்சாலை ஆண்டுவிழாவில் எடுத்த படம். இருபது ஆண்டு சேவைக்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதே மாதம் மேலாளர் பதவியை என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவனுக்குக் கொடுத்தார்கள். மேடையில் நான் சிரித்துக்கொண்டு நின்றது அந்த நிலையில்தான். நர்மதா அந்தப் படத்தை அவள் பேஸ்புக்கில் போட்டிருந்தாள். அதிலிருந்து என்னைக் கத்தரித்து, கையிலிருந்த கேடயத்தை எடுத்துவிட்டு, வெற்றிலைபாக்குத் தட்டை வைத்திருக்கிறீர்கள். என் வாழ்நாளில் நான் பொய்யாகச் சிரித்தது ஒரே ஒரு முறை. அதையும் உங்கள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டீர்கள்.

என்னைப் போட்டதைக்கூட விட்டுவிடலாம். வலது ஓரத்தில், பச்சைச் சேலைக்காரப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறதே, அது என் அம்மா செல்வம்மாள். அவளையுமா ஒட்டினீர்கள்? எழுபத்து நான்கு வயதுக் கிழவியை அவளுக்குத் தெரியாமல் உங்கள் பந்தலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். 2022 செப்டம்பர் இரண்டாம் தேதி அவள் ஜெயங்கொண்டத்தில் என் சின்னம்மா பாப்பாயி வீட்டில் இருந்தாள். குலசாமிக்குப் பொங்கல் வைக்க என்று முதல் நாளே போய்விட்டாள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அறிக்கை வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதைப் பார்த்த பிறகு கொடுப்பது என் கடமை என்று தோன்றியது. நேற்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்டது இத்துடன் இருக்கிறது. நானும் என் தாயாரும் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை, இரண்டு உருவங்களும் ஒட்டப்பட்டவை, பணி காரணமாக என்னால் போக இயலவில்லை, கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த உண்மை இது.

ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. மார்ச் ஒன்றாம் தேதிக்குள் நீங்கள் இதை அனுப்பியதற்கான ரசீது வராவிட்டால் நானே விசா அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன். மறைத்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

கு. குருநாதன்


பெரம்பலூர்
24.2.2024

குருநாதன் சார் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்று உங்கள் அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறோம். நேற்று நர்மதாவிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். வேறு வழியில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

உங்கள் அம்மாவை யாரும் ஒட்டவில்லை. அவர் வந்திருந்தார்.

பாப்பாயி அம்மாதான் கூட்டிவந்தார். இருவரும் ஜெயங்கொண்டத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, பெரம்பலூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் செட்டிகுளம் வந்தார்கள். மலைக்கோயிலில் தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டார்கள். அவ்வளவு படியையும் ஏறியிருக்கிறார். நர்மதா அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். ஐயர், “உக்காரும்மா, நேரம் போவுது” என்று சத்தம் போட்டார். உங்கள் அம்மா தூரத்திலிருந்தே, “உக்காரு, உக்காரு, நான் எங்கயும் போவல” என்றார்.

போட்டோ எடுக்கும்போதெல்லாம் யாருக்காவது பின்னால் போய் நின்றுகொண்டார். “எம் மூஞ்சி எதுலயும் வர வேணாம் தம்பி, அவனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவான்” என்று என்னிடம் சொன்னார். கோபப்படுவான் என்று சொல்லவில்லை. மனசு உடைந்துவிடுவான் என்றுதான் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். என் அம்மா பக்கத்தில் நின்று பரிமாறினார். “இன்னும் ரெண்டு கரண்டி ரசம் ஊத்துங்க சம்மந்தி” என்று உங்கள் அம்மா கேட்டதை என் அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் திரும்பிப் போய்விட்டார்கள்.

இப்போது நிலைமை இது. விசா அலுவலகம் உங்கள் படத்தைத்தான் சந்தேகப்பட்டது. உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் அறிக்கை போனால், உண்மையாக வந்த பெண்ணின் தாயும் பொய்யாகிவிடுவார். சொந்த அண்ணனே நோட்டரி முன்னால் சொன்னது அது. அதற்கு மேல் நாங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது. வக்கீல், “இத அனுப்புனா ஃபைல மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்கிறார்.

ஸ்டுடியோவில் கை வைக்காத மூலப் படங்களை வாங்கிவிட்டேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. எதிலும் நீங்கள் இல்லை. ஒன்பது படத்தில் உங்கள் அம்மா இருக்கிறார். அந்த ஒன்பதையும் விசா அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்.

ஒன்றாம் தேதி அனுப்பிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் அம்மாவிடம் ஒரு முறை கேளுங்கள். கேட்கும்போது சத்தம் போடாதீர்கள்.

மணிமாறன்


அரியலூர்
28.2.2024

திரு. மணிமாறன் அவர்களுக்கு,

சத்தம் போடவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், நர்மதா கேட்பாள்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். அம்மா பின்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, 2022 செப்டம்பர் இரண்டாம் தேதி எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

“தேதியெல்லாம் எனக்கு என்னா தெரியும். நர்மதா கல்யாணத்தன்னிக்கா?”

“ஆமா.”

“செட்டிகுளத்துல.”

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஒன்றரை வருடமாக என்னிடம் சொல்லவில்லையே என்றேன்.

“நீ கேக்கவே இல்லியேடா.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

“சொல்லியிருப்பேன். பாப்பாயி வூட்டுக்குன்னு ஒரு தடவ சொன்னதே தொண்டையில நின்னுச்சு. ரெண்டாந்தடவ எங்கேர்ந்து வரும்?”

அந்த ஒன்பது படத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள். நேரம் இருக்கும்போது அனுப்பவும்.

அன்று மதியமே புதிதாக ஓர் அறிக்கை எழுதினேன். அம்மா வந்தாள், அவள் உருவம் உண்மை, என் உருவம் மட்டும் ஒட்டப்பட்டது என்று திருத்தினேன். அம்மாவும் தனியாக ஒன்று கொடுக்க வேண்டும் என்பதால் இரண்டையும் தமிழில் படித்துக் காட்டினேன். என்னுடையதில் ‘பணி காரணமாக’ என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அன்னிக்கு உனக்கு வேலையா? லீவு போட்டுட்டு வூட்டுலதான படுத்துக் கெடந்த? பாப்பாயி போன் பண்ணப்ப புவனா சொன்னாளே.”

“அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கும்மா? ஒரு காரணம் வேணும், போட்டுருக்கேன்.”

“காரணம் வேணும்னா நெசக் காரணத்தப் போடு. ‘அவங்க பந்தியில போயி நான் ஒக்காந்து சாப்புடணுமா’ன்னு கேட்டியே, இதே எடத்துல நின்னு. அதப் போடு.”

“அத எழுதுனா என்னப் பத்தி என்னா நெனைப்பாங்க?”

“என்னா நெனைப்பாங்களோ அத நெனைக்கட்டும். நீ அப்படி எழுதாட்டி எனக்குப் பேனா வேணாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

புவனேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வந்து பேனாவை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். அது எனக்கு அதிகமாக வலித்தது.

மாலை வரை எழுதிக் கிழித்தேன். ‘குடும்பக் கருத்து வேறுபாடு’ என்று ஒன்று. ‘எனக்கு உரிய முறையில் தெரிவிக்கவில்லை’ என்று ஒன்று. இரண்டாவது பொய்யில்லை. வாட்ஸ்அப் அழைப்பிதழ் இப்போது நினைத்தாலும் எரிகிறது. ஆனால் நர்மதா நேரில் வந்து அட்சதை வைத்து அழைத்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். சோதனையில் ஒரு பொருளை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அதே முடிவு வந்தால், அந்தப் பொருள் காரணம் அல்ல. இருபத்தெட்டு ஆண்டுகளாக இதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவருகிறேன்.

நேற்று மாலை நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட இரண்டு அறிக்கைகளும் இத்துடன் இருக்கின்றன. என்னுடையதை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

“என் தங்கையின் கல்யாணம் நடந்தது. எனக்கு முன்கூட்டியே தெரியும். உடல்நலத்தோடு வீட்டில் இருந்தேன், போகவில்லை. காரணம் மாப்பிள்ளையின் சாதி. அவர்கள் வீட்டுப் பந்தியில் சாப்பிட எனக்கு மனமில்லை. 2019இல் அவர் என் வீட்டுக்கு வந்தபோது பேப்பர் கப்பில் டீ கொடுக்கச் சொன்னவனும் நான்தான். வீட்டில் டம்ளர்கள் இருந்தன. என் தாயார் எனக்குத் தெரியாமல் கல்யாணத்துக்குப் போனார். எனக்குத் தெரிந்தால் தடுப்பேன் என்பதால் சொல்லவில்லை. தடுத்திருப்பேன். படத்தில் என் உருவம் ஒட்டப்பட்டது. மாப்பிள்ளையின் தாயார் அதைச் செய்ததற்குக் காரணம் நான் அங்கே இல்லாதது. ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை.”

நோட்டரி வக்கீல் படித்துவிட்டு, “சார், இத இப்படியே போடணுமா? நாளைக்கு உங்களுக்கே சிக்கலாயிடப் போவுது. ஃபேமிலி ரீசன்னு போட்டுக்குவோமே” என்றார். எழுதியதை எழுதியபடி முத்திரை வையுங்கள் என்றேன். அம்மா அவர் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டாள். ‘செல்வம்மாள்’ என்று எழுத அவளுக்கு மூன்று நிமிடம் ஆகும். வக்கீல் காத்திருந்தார்.

முதல் அறிக்கையின் என் பிரதியைக் கிழித்துவிட்டேன். உங்களிடம் உள்ளதையும் கிழித்துவிடவும்.

இதனால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நீங்களும் நர்மதாவும் பாப்பாயியும் அம்மாவும் சேர்ந்து ஒன்றரை வருடம் என்னை முட்டாளாக வைத்திருந்தீர்கள். அது வேறு கணக்கு. அந்த ஆல்பத்திலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்லுங்கள். அம்மாவை எடுக்க வேண்டாம்.

கு. குருநாதன்


பெரம்பலூர்
12.6.2024

குருநாதன் சார் அவர்களுக்கு,

நேற்று விசா வந்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி திருச்சியிலிருந்து கிளம்புகிறேன்.

நர்மதா விண்ணப்பித்து, கோப்பில் அதிகாரி எழுதிய குறிப்பை வாங்கியிருக்கிறாள். அதில் உங்களைப் பற்றி நாலு வரி இருக்கிறது. இரண்டு வரியைத் தமிழில் எழுதுகிறேன்: “ஸ்பான்சரின் அண்ணன் தன்னைப் பற்றிக் கூறியிருப்பது அவருக்கு எந்த நன்மையும் தரக்கூடியது அல்ல. இப்படி ஒன்றைப் பொய்யாகச் சொல்ல அவருக்குக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.” தாயாரின் அறிக்கையும் மூலப் படங்களும் ஒத்துப்போகின்றன என்று அடுத்து எழுதி, கல்யாணம் உண்மையானது என்று முடித்திருக்கிறார்.

அறிக்கையை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் முத்திரை வைத்த தாளில் பார்ப்பது வேறாக இருந்தது. நர்மதாவுக்கும் அனுப்பினேன். மூன்றாம் நாள் கூப்பிட்டு, “அண்ணன் ஒரு கட்டத்தையும் காலியா விடல” என்றாள்.

ஆல்பத்திலிருந்து உங்களை எடுக்கச் சொன்னேன். ராஜராஜன், “எடுத்தா அங்க ஓட்ட வுழுமே சார், எதையாச்சும் வெக்கணுமே” என்றார். பூந்தொட்டி வைத்திருக்கிறார். நிழலோடு வைக்கச் சொன்னேன். உங்கள் அம்மாவின் ஒன்பது படங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் சாப்பாடு. நெருங்கினவர்கள் மட்டும். உங்கள் அம்மா வர வேண்டும் என்று என் அம்மா சொல்கிறார். நீங்களும் வரலாம் என்று எழுதுவது சரியா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மணிமாறன்


அரியலூர்
17.6.2024

மணிமாறனுக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மா படங்களைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். ஆறாவது படத்தில் அவள் சிரிக்கிறாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்று சொல்வது மிகையாக இருக்கும். சமீபத்தில் பார்த்ததில்லை.

அதிகாரியின் குறிப்பைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை. அவர் வேலையை அவர் சரியாகச் செய்திருக்கிறார்.

நர்மதாவின் எண்ணைத் தடையிலிருந்து நீக்கிவிட்டேன். அவள் அம்மாவோடு பேசட்டும். என்னோடு பேச வேண்டுமென்றால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் போகட்டும்.

வெள்ளிக்கிழமை அம்மா வருகிறாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியதும், “நான் பெரம்பலூரு போயிட்டு வரேன்டா” என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். சரி என்றேன். புவனேஸ்வரியும் கூடப் போகிறேன் என்கிறாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சேலை எடுத்து வைத்துவிட்டாள். காலை ஒன்பது மணிக்கு இங்கிருந்து பஸ் ஏறுவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது அனுப்பவும்.

நான் வரவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை எதுவும் இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. காரணம் நான் முத்திரை வைத்துக் கொடுத்ததுதான். அதை எழுதினால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. உங்களுக்கு வேறு ஏதாவது காரணம் எழுதியிருக்கலாம், ஆனால் இனிமேல் அது சரிப்படாது.

இரண்டு பேருக்கு இலை போடச் சொல்லுங்கள்.

குருநாதன்